99 துண்டுகள் எங்கே போயின?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்து கேட்டபோது, "கணிப்பொறியின் பயன்கள்" என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஒவ்வொரு மலரிலும் வருகிறது. யாரும் படிப்பதில்லை. அதனால் ஆறாம் செமஸ்டரில் நான் செய்த ப்ராஜெக்ட்டைப் பற்றியே எழுதுகிறேன். ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பகுதியை அல்ல, எழுதாமல் விட்ட பகுதியை. நான் எங்கெங்கே தப்பு பண்ணினேன், அதே மாதிரி தப்பு உலகத்தரமான மென்பொருளிலும் எப்படி நுழைந்தது என்பதுதான் விஷயம்.

ப்ராஜெக்ட்டின் தலைப்பு: டி.என்.ஏ. துண்டுகளை மூலப்படியில் பொருத்தும் நிரல். சி மொழியில் எழுதியது. தலைப்பைக் கேட்டதும் "இது பயாலஜி ஆச்சே, நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. சற்றுப் பொறுங்கள். இதில் பயாலஜி கால் பங்கு, மீதி முக்கால் பங்கு நாம் படிக்கிற டேட்டா ஸ்ட்ரக்சரும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரும்தான்.

கிழித்துப் போட்ட செய்தித்தாள்

டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்கும் செய்தித்தாள் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளின் மதுரைப் பதிப்பில் 30 பிரதிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வரி அளவுக்குச் சுக்கு சுக்காகக் கிழித்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கிவிட்டார்கள். உங்கள் கையில் கிழியாத பிரதி ஒன்று இருக்கிறது. ஆனால் அது சென்னைப் பதிப்பு! பெரும்பாலான செய்திகள் ஒன்றுதான். அங்கங்கே ஓர் ஊர்ப் பெயர், ஒரு எண், ஒரு வரி வித்தியாசம். சாக்கில் உள்ள ஒவ்வொரு துண்டும் சென்னைப் பதிப்பில் எந்தப் பக்கம், எந்த வரி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு, மதுரைப் பதிப்பில் எங்கெங்கே மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். துண்டுகளில் சிலவற்றில் வடை எண்ணெய் பட்டு எழுத்து அழிந்திருக்கும். அதை நிஜ வித்தியாசம் என்று நம்பிவிடவும் கூடாது.

இதுதான் முழுப் பிரச்சினையும். சென்னைப் பதிப்பு என்பது மூலப்படி, அதாவது ரெஃபரன்ஸ் ஜீனோம். துண்டுகள்தான் சீக்குவென்சிங் மிஷின் தரும் ரீட்கள். எண்ணெய்க் கறை மிஷினின் பிழை. பதிப்புகளுக்கு இடையே உள்ள நிஜ வித்தியாசம்தான் டாக்டர் தேடும் மரபணு மாற்றம்.

அளவைப் பாருங்கள். மனிதனின் மூலப்படியில் சுமார் 310 கோடி எழுத்துகள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும். இப்போது பரவலாகப் பயன்படும் இலுமினா மிஷின்கள் தரும் துண்டு பெரும்பாலும் 100 முதல் 150 எழுத்து. ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 துண்டுகள் மூட வேண்டும் என்றால், 310 கோடியை 30-ஆல் பெருக்கி 150-ஆல் வகுங்கள்: 62 கோடி துண்டுகள்! ஒரே ஒரு ஆளுக்கு.

எழுத்துகளை ஒப்பிட 1981-லேயே ஸ்மித், வாட்டர்மேன் என்ற இருவர் அருமையான வழி சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் துண்டு, மறுபக்கம் மூலப்படி என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் போட்டுக்கொண்டே போக வேண்டும். எழுத்து விடுபட்டாலும் கூடுதலாக நுழைந்தாலும் கண்டுபிடித்துவிடும். தப்பவே தப்பாது. ஆனால் ஒரு துண்டுக்கு 150 பெருக்கல் 310 கோடி, அதாவது 46,500 கோடி கட்டங்கள். விநாடிக்கு 100 கோடி கட்டம் நிரப்பும் கணிப்பொறி என்று வைத்தாலும் ஒரு துண்டுக்கே 465 விநாடி. 62 கோடி துண்டுக்கு? நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 9,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நோயாளி காத்திருக்க மாட்டார்.

ஆகவே இந்தத் துறையில் "மேம்பாடு" என்றால் ஒரே கேள்விதான்: எல்லா இடத்திலும் தேடாமலே, சரியான இடத்தைத் தவறவிடாமல் இருப்பது எப்படி?

முதல் தந்திரம் மிக எளியது. 100 எழுத்துத் துண்டு ஒன்றில் அதிகபட்சம் 3 எழுத்து மாறியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டை 25, 25-ஆக நாலாக வெட்டினால், 3 பிழைகள் எப்படிப் பரவியிருந்தாலும் ஒரு கால்பகுதியாவது பிழையே இல்லாமல் இருந்தே தீரும். அந்த 25 எழுத்தை மூலப்படியில் அப்படியே தேடினால் போதும். கிடைத்த இடத்தில் மட்டும் ஸ்மித்-வாட்டர்மேன் கட்டம் போடலாம். இந்தச் சிறு பகுதிக்கு "சீட்" என்று பெயர், அதாவது விதை.

சரி, 310 கோடி எழுத்தில் 25 எழுத்தை எப்படி நொடியில் தேடுவது?

பின்னாலிருந்து தேடும் அகராதி

இங்கேதான் எனக்கு இந்த சப்ஜெக்ட் மேலேயே காதல் வந்தது. சற்று நிதானமாகப் படியுங்கள். பேப்பர், பென்சில் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஜி ஏ டி டி ஏ சி ஏ என்ற ஏழெழுத்து மூலப்படியை எடுத்துக்கொள்வோம். (1997-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்கு இதுதான் பெயர்!) கடைசியில் முடிவைக் காட்ட ஒரு * போடுகிறோம். இதன் எல்லா வால்பகுதிகளையும் எழுதி அகராதி வரிசையில் அடுக்குங்கள். * எல்லாவற்றுக்கும் முன்னால் வரும், பிறகு ஏ, சி, ஜி, டி. ஒவ்வொரு வாலுக்கும் பக்கத்தில், மூலப்படியில் அதற்கு முந்தைய எழுத்து எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. * — முந்தைய எழுத்து ஏ
2. ஏ * — சி
3. ஏ சி ஏ * — டி
4. ஏ டி டி ஏ சி ஏ * — ஜி
5. சி ஏ * — ஏ
6. ஜி ஏ டி டி ஏ சி ஏ * — *
7. டி ஏ சி ஏ * — டி
8. டி டி ஏ சி ஏ * — ஏ

முந்தைய எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால்: ஏ சி டி ஜி ஏ * டி ஏ. இதற்குப் பெயர் பரோஸ்-வீலர் மாற்றம். மைக்கேல் பரோஸும் டேவிட் வீலரும் 1994-ல் வெளியிட்டார்கள். அவர்கள் யோசித்தது டி.என்.ஏ.வுக்காக அல்ல, ஃபைலைச் சுருக்குவதற்காக. லினக்ஸில் பிஜிப்-2 என்று ஒரு கட்டளை பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது இதுதான். சுருக்கி வைத்ததை விரிக்காமலே அதற்குள் தேடலாம் என்று 2000-ல் இத்தாலியர்களான ஃபெராஜினாவும் மான்ஸினியும் காட்டினார்கள்.

எப்படி? டி டி ஏ என்பதைத் தேடுவோம். கடைசி எழுத்தான ஏ-யிலிருந்து தொடங்குகிறோம். ஏ-யில் தொடங்கும் வரிசைகள் 2, 3, 4. இவற்றுக்கு முந்தைய எழுத்துகள் சி, டி, ஜி. நமக்கு டி வேண்டும். அது 3-ஆம் வரிசையில்தான் இருக்கிறது. முந்தைய எழுத்துப் பத்தியில் அதுதான் முதல் டி. எனவே டி-யில் தொடங்கும் வரிசைகளில் முதலாவதற்கு, அதாவது 7-க்குப் போகிறோம். 7-இன் முந்தைய எழுத்து மறுபடியும் டி, பத்தியில் இரண்டாவது டி. எனவே டி வரிசைகளில் இரண்டாவதான 8-க்குப் போகிறோம். முடிந்தது! மூன்று எழுத்துக்கு மூன்றே அடி. மூலப்படி ஏழெழுத்தானாலும் 310 கோடி எழுத்தானாலும் 25 எழுத்து விதைக்கு 25 அடிதான். முதல் டி முதல் டி-யோடும், இரண்டாவது டி இரண்டாவதோடும் ஏன் பொருந்துகிறது என்பதை நான் விளக்கமாட்டேன். நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

எழுத்துக்கு 2 பிட் போதும் என்பதால் மனித மூலப்படியின் இந்தப் பத்தி முழுவதும் சுமார் 775 எம்.பி.யில் அடங்கும். இதை வைத்து 2009-ல் இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஒன்று பென் லாங்மீட் குழுவினரின் போ-டை. இன்னொன்று ஹெங் லீ, ரிச்சர்ட் டர்பின் இருவரின் பி.டபிள்யூ.ஏ. போ-டை சுமார் 1.3 ஜி.பி. நினைவகத்தில், ஒரு பிராசசர் ஒரு மணி நேரத்தில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட துண்டுகளைப் பொருத்தியது. சாதாரண மேஜைக் கணிப்பொறியில் நடக்கும் வேலையாக அன்று அது மாறியது. ஆனால் முதல் போ-டைக்கு எழுத்து விடுபடுவதோ நுழைவதோ தெரியாது. அது 2012-ல் வந்த இரண்டாம் போ-டையில்தான் வந்தது. 2013-ல் ஹெங் லீ வெளியிட்ட பி.டபிள்யூ.ஏ.-மெம் இன்றும் பல ஆய்வகங்களின் அன்றாடக் கருவி.

என் 99

இப்போது என் கதை. மனிதனின் மூலப்படி நம்ம லேப் மிஷினில் திணறும் என்பதால் ஃபை-எக்ஸ்-174 என்ற வைரஸை எடுத்தேன். 5,386 எழுத்துதான். 1977-ல் ஃபிரெட் சாங்கர் குழுவினர் முழுசாகப் படித்து வெளியிட்ட டி.என்.ஏ. மூலப்படி இது. இன்றும் இலுமினா மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இதைத்தான் கலந்து விடுகிறார்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் காலிப்பரைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு கட்டை மாதிரி.

சோதனைக்குத் துண்டுகளையும் நானே வெட்டினேன். 1-ஆம் எழுத்திலிருந்து 100, 2-ஆம் எழுத்திலிருந்து 100 என்று மொத்தம் 5,386 துண்டுகள். பிழை எதுவும் சேர்க்கவில்லை. அத்தனையும் நூற்றுக்கு நூறு பொருந்தியாக வேண்டும். நிரலை ஓட்டினேன். பொருந்தியவை 5,287. பொருந்தாதவை 99.

என் ப்ராஜெக்ட் பார்ட்னர், "98 சதவீதத்துக்கு மேல வந்துடுச்சு, விட்டுடலாம், வைவாவுல யாரு கேக்கப் போறாங்க?" என்றான். எனக்கும் விட்டுவிட ஆசைதான். ஆனால் அந்த 99 என்ற எண் உறுத்தியது. 100-க்கு ஒன்று குறைவு! ஏதோ லூப்பில் ஒன்று தப்பியிருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் ஒவ்வொரு ஃபார் லூப்பையும் நோண்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான், "எந்த எந்த துண்டு வரலேன்னு பிரிண்ட் எடுத்துப் பாத்தியா தம்பி?" என்று கேட்டார். இரண்டு நாளாக எனக்குத் தோன்றாத கேள்வி. எடுத்தேன். 5,288 முதல் 5,386 வரை, வரிசையாக, ஒன்றுகூட விடாமல்!

விஷயம் புரிந்துவிட்டது. ஃபை-எக்ஸின் டி.என்.ஏ. ஒரு வட்டம். வெட்டும் நிரலை எழுதியபோது அது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால் கடைசி எழுத்தைத் தாண்டியதும் முதல் எழுத்துக்குப் போகும்படி எழுதினேன். பொருத்தும் நிரலை எழுதியபோது மறந்துபோச்சு. ஃபைலில் அது நேர்கோடாகத்தான் இருக்கிறது. வளையலை எங்கோ ஓரிடத்தில் வெட்டி நீட்டி வைத்த மாதிரி. அந்த வெட்டைத் தாண்டும் துண்டுகள் 99. அவற்றுக்கு மூலப்படியில் இடமே இல்லை.

தீர்வு ஒரு வரி. மூலப்படியின் முதல் 99 எழுத்தைக் கடைசியில் ஒட்டிவிட வேண்டும். பார்ட்னர் "ரவுண்டா 100 போடு" என்றான். போட்டோம். முதல் துண்டு இப்போது இரண்டு இடத்தில் பொருந்தியது! 99-தான் சரி.

இது பிள்ளை விளையாட்டுப் பிழை என்று நினைக்காதீர்கள். நம் உடம்பின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டி.என்.ஏ.வும் 16,569 எழுத்துள்ள வட்டம்தான். அதன் மூலப்படியை வெட்டி 1 என்று எண் போட்டிருக்கும் இடம், மனிதருக்கு மனிதர் மாற்றங்கள் நிறைய வரும் பகுதியின் நடுவில். வெட்டு ஓரத்தில் துண்டுகள் குறைந்தால் அங்கே உள்ள மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். ஜி.ஏ.டி.கே. என்ற மென்பொருள் தொகுப்பில் இதற்காகவே 8,000 எழுத்து தள்ளி வெட்டிய இன்னொரு மூலப்படியையும் வைத்து இரண்டு முறை பொருத்துகிறார்கள். பார்ட்னர் சொன்ன அந்த "98 சதவீதம்" எனக்கு இப்போதும் நினைவுக்கு வரும். விடுபட்டவை எத்தனை என்பதைவிட, எல்லாம் ஒரே இடத்தில் விடுபடுகின்றனவா என்பதுதான் கேள்வி.

வேகம் எங்கே இருக்கிறது?

அடுத்து வேகம். பி.டபிள்யூ.ஏ.-மெம் மென்பொருளை எடுத்து, அதன் விடை ஓரெழுத்துகூட மாறாமல் வேகத்தை மட்டும் கூட்ட வேண்டும் என்று ஒரு குழு இறங்கியது. வாசிமுதீன், சஞ்சித் மிஸ்ரா, ஹெங் லீ, ஸ்ரீநிவாஸ் ஆலூரு ஆகியோர். முதல் இருவரும் வேலை செய்தது நமக்குப் பக்கத்து பெங்களூரில், இன்டெல் ஆய்வகத்தில். ஆலூரு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2019-ல் வந்த அந்த மென்பொருளின் பெயர் பி.டபிள்யூ.ஏ.-மெம்2. விடை மாறக்கூடாது என்ற நிபந்தனை ஏன்? ஆய்வகங்கள் பழைய மென்பொருளின் விடையை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்திருக்கின்றன. வேகமான ஆனால் வேறு விடை தரும் மென்பொருள் வந்தால் மொத்தச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள நம் ஃபிட்டிங் ஷாப்புக்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஃபைல் வேண்டும் என்று டூல் ரூமுக்கு ஓடி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தால் ஒரு ஜாப் முடிய எத்தனை நாளாகும்? கணிப்பொறியின் பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் கேஷ் என்பது நம் மேஜை. முதன்மை நினைவகம் டூல் ரூம். பரோஸ்-வீலர் தேடலில் ஒவ்வோர் அடியும் எங்கோ தொலைவில் உள்ள வரிசைக்குத் தாவுகிறது, பார்த்தீர்களல்லவா? ஒவ்வொரு தாவலும் டூல் ரூமுக்கு ஓர் ஓட்டம். அவர்கள் அட்டவணையைச் சிறு சிறு கட்டுகளாக மாற்றி, ஒரு கட்டு ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்படி செய்தார்கள். அடுத்து எது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லி எடுத்துவரச் செய்தார்கள். அங்குமிங்கும் துக்கடா துக்கடாவாக மாலோக் போட்டு நினைவகம் வாங்காமல், பெரிய தொகுதியாக ஒரே தடவையில் வாங்கினார்கள். (இதை மட்டும் என் நிரலிலும் செய்து பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.)

கட்டம் போடும் வேலையில் இன்னொரு வழி. என்.எஸ்.எஸ். அணிவகுப்பில் ஒரே கட்டளைக்கு எல்லோரும் கை தூக்குவதுபோல, பிராசசரில் ஒரே ஆணைக்குப் பல எண்களைக் கூட்டும் வசதி உண்டு. 512 பிட் அகலமுள்ள பிராசசரில் 8 பிட் எண்கள் 64-ஐ ஒரே நேரத்தில் கூட்டலாம். ஆக 64 துண்டுகளுக்கு ஒரே சமயத்தில் கட்டம் நிரப்பலாம். ஆனால் அணியில் ஒருத்தன் மட்டும் நீளமான துண்டோடு நின்றால் மற்ற 63 பேரும் அவனுக்காகச் சும்மா நிற்க வேண்டும், டூர் பஸ்ஸில் கடைசியாக வரும் ஆளுக்காக நாம் காத்திருப்பது போல. அதனால் முதலிலேயே நீளவாரியாக அடுக்கி, ஒத்த நீளமுள்ளவர்களை ஒரே அணியில் நிறுத்தினார்கள்.

முடிவு என்ன? மூன்று முக்கியப் பகுதிகள். விதை தேடுவது ஏறக்குறைய 2 மடங்கு வேகம். வரிசை எண்ணிலிருந்து மூலப்படியின் முகவரியை எடுப்பது 183 மடங்கு. கட்டம் நிரப்புவது 8 மடங்கு. ஆனால் மொத்த வேகம்? ஒற்றை த்ரெட்டில் அதிகபட்சம் 3.5 மடங்கு, ஒரு முழு பிராசசரில் 2.4 மடங்கு. 183 எங்கே போச்சு என்று கேட்காதீர்கள்! ஆம்டால் விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, இதுதான் அது. பேச்சுக்கு, 100 நிமிட வேலையில் ஒரு பகுதி 10 நிமிடம் எடுத்தது என்று வையுங்கள். அதை 183 மடங்கு வேகமாக்கினால் அது 3 விநாடி சொச்சம் ஆகும். மொத்தமோ 90 நிமிடத்துக்கு மேல்தான் நிற்கும். 2 மடங்கு கிடைத்த இடத்தில்தான் நிஜமான போராட்டம்.

அந்த 183-க்கும் ஒரு விலை உண்டு. பழைய மென்பொருள் இடம் மிச்சம் பிடிக்க முகவரிகளை இடைவெளி விட்டுத்தான் வைத்திருந்தது. நடுவில் உள்ளது வேண்டுமென்றால் நடந்து நடந்து போய்க் கண்டுபிடிக்க வேண்டும். புதியது எல்லா முகவரியையும் முழுசாக வைத்துக்கொண்டது. வேகம் வந்தது, நினைவகம் வீங்கியது. 2020-ல் அதையே மறுபடி 8-இல் ஒரு பங்காகச் சுருக்கி, வேறு சிக்கனங்களும் செய்து, நினைவகத் தேவையைக் கால் பங்காகக் குறைத்தார்கள்.

மனிதர் கை வைக்காமல் கணிப்பொறியே நிரலைத் திருத்தும் முயற்சியும் நடந்திருக்கிறது. லாங்டன், ஹார்மன் என்ற இருவர் 50,000 வரி கொண்ட இரண்டாம் போ-டையை எடுத்து, வரிகளை நீக்கியும் மாற்றியும் பரிணாம முறையில் ஓடவிட்டு, சராசரியாக 70 மடங்கு வேகமான வடிவம் கிடைத்தது என்று 2015-ல் எழுதினார்கள். ஆச்சரியமான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் என் சொந்த அபிப்பிராயம்: எந்த மாதிரித் துண்டுகளைக் கொடுத்து வளர்த்தார்களோ அந்த மாதிரிக்கு அது கெட்டிக்காரன். வேறு மாதிரி கொடுத்தால் மறுபடி சோதிக்காமல் நான் நம்பமாட்டேன்.

தெரியாது என்று சொல்லும் மென்பொருள்

ஃபை-எக்ஸ் முடிந்ததும் தைரியம் வந்து ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்தேன். கே-12 வகை. சுமார் 46 லட்சத்து 40 ஆயிரம் எழுத்து. நேரம் அதிகமானது. வேகப்படுத்த ஒரு குறுக்குவழி செய்தேன்: பொருந்தும் முதல் இடம் கிடைத்ததும் பிரேக் போட்டு வெளியே வந்துவிடுவது. நிரல் நன்றாகவே வேகமானது. பெருமையோடு, எந்த இடத்தில் எத்தனை துண்டுகள் என்று கிராஃப் போட்டேன். சமவெளியாக இருக்க வேண்டிய கோட்டில் ஓரிடத்தில் கோயில் கோபுரம் மாதிரி உயரம். வேறு ஆறு இடங்களில் பள்ளம்!

ஈ. கோலையில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுத் தொகுதி ஏழு இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் 5,000 எழுத்துக்கு மேல், ஏறக்குறைய ஒன்றுபோலவே. செய்தித்தாளில் ஒரே விளம்பரம் ஏழு பக்கத்தில் வந்த மாதிரி. அந்த விளம்பரத்தின் துண்டு எந்தப் பக்கத்திலிருந்து கிழிந்தது என்று யாரால் சொல்ல முடியும்? என் நிரல் சொன்னது. ஏழு பக்கத்துத் துண்டுகளையும் ஒரே பக்கத்தில் கொண்டுபோய்க் குவித்தது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதுதான் அதன் குற்றம்.

2008-ல் ஹெங் லீ குழுவினர் மாக் என்ற மென்பொருளில் இதற்கு வழி செய்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இடத்தோடு ஒரு மதிப்பெண்ணும் தருவது. 10 என்றால் இந்த இடம் தவறாக இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு, 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. சரிசமமாக இரண்டு இடம் இருந்தால் பி.டபிள்யூ.ஏ. ஏதோ ஒன்றில் வைத்துவிட்டு மதிப்பெண் 0 போடும். அதாவது "வைத்திருக்கிறேன், ஆனால் நம்பாதே" என்கிறது. மனிதனின் டி.என்.ஏ.வில் இது சின்ன விஷயமில்லை. ஆலு என்று ஒரு 300 எழுத்துப் பகுதி மட்டுமே 10 லட்சம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது.

மதிப்பெண் 0 வாங்கிய துண்டுகளை அடுத்த கட்டத்து மென்பொருள்கள் பொதுவாக ஒதுக்கிவிடும். நியாயம்தானே? இந்த நியாயமே ஓர் இடத்தில் வினையானது. யு2ஏஎஃப்1 என்று ஒரு மரபணு, 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதில் வரும் சில மாற்றங்கள் எலும்பு மஜ்ஜை சம்பந்தப்பட்ட ரத்த நோய்களிலும் ரத்தப் புற்றுநோயிலும் முக்கியமானவை. மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் மாற்றங்கள். 2009-ல் வந்த மனித மூலப்படியில் இந்த மரபணு ஒரே இடத்தில் இருந்தது. பொருத்தும் மென்பொருள்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. 2013 டிசம்பரில் ஜிஆர்சிஹெச்38 என்ற புதிய, இன்னும் முழுமையான மூலப்படி வந்தது. அதில் அதே 21-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் சேர்க்கப்பட்ட பகுதியோடு, இந்த மரபணுவின் இன்னொரு பிரதியும் தவறுதலாக உள்ளே வந்துவிட்டது. மனித உடலில் அப்படி ஒரு இரண்டாம் பிரதி இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். துண்டுகளுக்கு இரண்டு சமமான இடங்கள். பாதி இங்கே, பாதி அங்கே, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் 0. அடுத்த மென்பொருள் அத்தனையையும் ஒதுக்கியது. பழைய மூலப்படியில் தெளிவாகத் தெரிந்த மாற்றங்கள் புதியதில் மறைந்துபோயின. பொருத்தும் மென்பொருளில் பிழை இல்லை, மிஷினில் பிழை இல்லை, ஒதுக்கிய மென்பொருளும் தன் விதிப்படிதான் நடந்தது. எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. ரிப்போர்ட்டில் அந்த மரபணுவில் மாற்றம் எதுவும் இல்லை என்றுதான் வரும். இதை விளக்கி 2022-ல் தனியாகவே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மூலப்படி வெளியாகி எட்டு ஆண்டுகள் கழித்து! தீர்வு என் 99 போலவே சின்னது. தவறான பிரதி இருக்கும் இடத்தை "என்" என்ற வெற்றெழுத்தால் மூடிவிட்டால் துண்டுகள் தானாக நிஜ இடத்துக்கே திரும்பிவிடும். அதே 2022-ல் இடைவெளி இல்லாமல் முழுசாகப் படிக்கப்பட்ட மனித மூலப்படி ஒன்றும் வெளியானது. சுமார் 20 கோடி எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன. பழையதில் இருந்த இப்படிப்பட்ட போலிப் பிரதிகள் இன்னும் சில அகப்பட்டன.

என் நிரலில் அந்த பிரேக்கை எடுத்துவிட்டேன். இப்போது எல்லா இடங்களையும் பார்த்து, முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மதிப்பெண் போடுகிறது. முன்னைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது. கோபுரம் சரிந்து ஏழு இடங்களிலும் மதிப்பெண் 0 கொண்ட துண்டுகள் பரவிவிட்டன. வைவாவில் எக்ஸ்டர்னல் சார் கிராஃபைப் பார்த்துவிட்டு, "இந்த ஏழு இடத்தையும் ஏன் சிவப்பில் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். "அங்கே என் நிரலுக்குத் தெரியாது சார்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நிரல் லேப்பில் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓர மிஷினில் இருக்கிறது. எதிர் இழையிலிருந்து வரும் துண்டுகளை, அதாவது எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி ஏ-க்கு டி, சி-க்கு ஜி என்று மாற்றிப் படிக்க வேண்டியவற்றை, அது இன்னும் இரண்டாவது தடவை தனியாக ஓடித்தான் தேடுகிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் தேடும்படி மாற்ற வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளில் யாருக்காவது விருப்பம் இருந்தால் அண்ணனிடம் கேட்டுத் திறந்து பார்க்கலாம்.